இலிதிய மின்கலமும் அதன் தாழ்வெல்லையும்

எப்பொருளுக்கும் ஓர் அளவுண்டு. அவ்வளவை அறிந்து அதற்குள் நின்று பயன்கொள்வோர் நெடுங்காலம் பயன் பெறுவர். அதனை அறியாது மேற்செல்வோர் முதலையும் இழப்பர். திருக்குறளிலே வலியறிதல் என ஓரதிகாரம் உண்டு. அது அரசர்க்குக் கூறப்பட்டதாயினும், அதன் கருத்துச் சிறுவன் கையிலுள்ள விளையாட்டு மோட்டர் வண்டிக்கும் பொருந்தும் என்பதை இக்கட்டுரையிலே காட்டப் புகுகின்றோம்.

மொழியாசிரியருக்கு மின்கலத்தோடு என்ன தொடர்பு என வினவுவாரும் உளர். நம் மாணாக்கர் பலர் இந்நாளிலே தொலைவிலிருந்து இயக்கும் மாதிரி வண்டிகளையும், சிறு வானூர்திகளையும், தாமே அமைத்த இயந்திரங்களையும் ஓட்டி மகிழ்கின்றனர். வெளிநாட்டிலுள்ள மாமன்மாரும் சிற்றப்பன்மாரும் அன்புடன் அனுப்பும் பொருள்களில் இவையும் அடங்கும். இவற்றோடு வரும் குறிப்புத் தாளோ வேற்று மொழியிலே, பொடியெழுத்திலே உள்ளது. அதன் பொருள் கேட்டு மாணாக்கர் நம்மிடம் வருகின்றனர். ஒரு சொல்லின் பொருளைத் தவறவிட்டால் தேர்விலே ஒரு புள்ளி குறையும்; அத்தாளிலுள்ள ஓர் எண்ணைத் தவறவிட்டாலோ வீட்டிலே தீப்பற்றவும் கூடும். ஆதலின் அவ்வெண்களைத் தெளிந்த தமிழிலே விளக்குவது நம் கடமை எனக் கொண்டோம்.

மின்கலத்தின் வரலாறும் அமைப்பும்

இலிதியம் 1817ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டிற் கண்டறியப்பட்டது. கல்லிலிருந்து கிடைத்தமையால், கல் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லினின்றும் அதற்குப் பெயர் அமைந்தது. பெயர் கல்லாயினும் உலோகங்களுள் மிக இலேசானது இதுவே. நீரின் எடையிற் பாதியளவே கொண்டது. இவ்விலேசான தன்மையும், மின்னைத் தருவதில் இதற்குள்ள விரைவும் அறிஞரை ஈர்த்தன. 1970களிலே ஸ்ரான்லி விற்றிங்காம் இவ்வகை மின்கலத்துக்கு வழிகோலினார். 1980இல் ஜோன் குடினவ் கோபாற்று ஒட்சைட்டை நேர்முனைக்குப் பயன்படுத்தலாம் எனக் காட்டினார். 1985இல் அக்கிரா யோசினோ என்னும் யப்பானிய அறிஞர் அதனைப் பாதுகாப்பான வடிவிலே அமைத்தார். 1991இல் இம்மின்கலம் சந்தைக்கு வந்தது. இம்மூவருக்கும் 2019ஆம் ஆண்டிலே இரசாயனவியலுக்கான நோபெற் பரிசு வழங்கப்பட்டது. அப்பொழுது குடினவ் அவர்களின் வயது 97. முதுமையும் ஆராய்ச்சிக்குத் தடையன்று என்பதற்கு இஃதொரு சான்று.

மின்கலத்தினுள்ளே இரு தகடுகள் உள. நேர்முனைத் தகடு அலுமினியத் தாளின்மேற் பூசப்பட்ட உலோக ஒட்சைட்டு. மறைமுனைத் தகடு செப்புத் தாளின்மேற் பூசப்பட்ட காரீயம். போகலை, ககட்டகக ஆகிய இடங்களிலே நிலத்துள்ளிருந்து நம் நாட்டவர் அகழ்ந்தெடுக்கும் காரீயமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இரு தகடுகளுக்கிடையே நுண்டுளைகள் உடைய மெல்லிய திரையொன்றும், எளிதிலே தீப்பற்றும் மின்பகு திரவமும் உள. மின்னேற்றும்பொழுது இலிதிய அயன்கள் காரீயத்தினுட் குடியேறுகின்றன. மின்னைப் பயன்படுத்தும்பொழுது அவை வெளியேறி நேர்முனைக்கு மீளுகின்றன. இப்போக்கும் வரவுமே மின்கலத்தின் வாழ்வாகும்.

கிணற்று உவமை

யாழ்ப்பாணத்துக் கமக்காரர் கிணற்றின் இயல்பை நன்கறிவர். இறைப்பு இயந்திரத்தைப் பூட்டி விரைவாக இறைக்கும்பொழுது நீர்மட்டம் சட்டெனத் தாழும். இயந்திரத்தை நிறுத்திச் சிறிது நேரம் விட்டால் ஊற்று ஊறி மட்டம் மீண்டும் உயரும். ஆயின் அளவு கடந்து இறைத்தாலோ, அடியிலுள்ள உவர்நீர் மேலேறி நன்னீரைக் கெடுத்துவிடும். அங்ஙனம் உவர்ப்பட்ட கிணறு மழை பெய்தாலும் எளிதிலே முன்னைய நிலைக்கு மீளாது.

இலிதிய மின்கலமும் இத்தகையதே. அதன் நீர்மட்டம் உவோற்று என்னும் அலகால் அளக்கப்படும் மின்னழுத்தம். இறைப்பின் விரைவு அம்பியரால் அளக்கப்படும் மின்னோட்டம். கிணற்றின் கொள்ளளவு அம்பியர்-மணியால் அளக்கப்படும். உவர் ஏறும் ஆழமே நாம் ஈண்டு கூறும் தாழ்வெல்லை. இவ்வுவமையை மனத்திற் கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

எண்கள்

மாதிரி வண்டிகளிலே பெரிதும் பயன்படுவது, பேச்சிலே லிப்போ எனப்படும் இலிதிய-பொலிமர் மின்கலம். அதன் ஒரு கலத்துக்குரிய எண்கள் இவை:

முழுதும் நிரம்பிய நிலை: 4.20 உவோற்று
பெயரளவு: 3.7 உவோற்று
பயன்படுத்தாது வைக்கத்தக்க நிலை: 3.80 முதல் 3.85 வரை
ஓட்டத்தை நிறுத்தியபின், ஆறிய நிலையிலே எஞ்சியிருக்க வேண்டியது: ஏறத்தாழ 3.7
ஓடும்பொழுது வண்டி தானாக நிற்க வேண்டிய எல்லை: 3.2 முதல் 3.4 வரை
எவ்வாற்றானும் கடக்கத்தகாத எல்லை: 3.0

இவை ஒரு கலத்துக்குரியன. வண்டியிலே இரண்டு அல்லது மூன்று கலங்களைத் தொடராக இணைத்த அடுக்கு இருக்கும். இரு கல அடுக்கிற் பெயரளவு 7.4, நிரம்பிய நிலை 8.4, நிற்க வேண்டிய எல்லை 6.4 முதல் 6.8 வரை. மூன்று கல அடுக்கில் இவை முறையே 11.1, 12.6, 9.6 முதல் 10.2 வரை ஆகும்.

வேறு வகை மின்கலங்களும் உள. இலிதிய இரும்புப் பொசுபேற்று மின்கலம் 3.6 அல்லது 3.65 உவோற்றில் நிரம்பும்; அதன் கீழெல்லை 2.5. எச்சரிக்கையுடையோர் 2.8இல் நிறுத்துவர். 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் உடைய உருளைக் கலங்கள் பலவற்றுக்கு ஆக்கியோர் 2.5 உவோற்றையே கீழெல்லையாகக் குறிப்பர். அவ்வெண் தனிக்கலம் ஒன்றை ஆய்வுகூடத்திலே அளந்து கூறப்பட்டது. பல கலங்களைத் தொடராகப் பூட்டி ஓட்டுவோர் 3.0இல் நிறுத்துதல் நன்று. ஒருவகைக்குரிய எண்ணை இன்னொருவகைக்கு வழங்குதல் பெரும் பிழை. ஆதலின் உறையின்மேல் எழுதியிருப்பதை முதலிலே வாசித்தல் வேண்டும்.

எல்லையைக் கடந்தால் நேர்வது என்ன?

தாழ்வெல்லைக்குக் கீழே சென்ற மின்கலத்திலே முதலிற் கெடுவது காரீயத்தின் மேலுள்ள மென்படலம். காரீயத்தையும் மின்பகு திரவத்தையும் பிரித்து நிற்கும் காவல் அதுவே. அது சிதைந்தால் வாயு தோன்றும், உறை உப்பும். மேலும் ஆழமாகச் சென்று, 1.5 உவோற்றுக்கும் கீழே நெடுநேரம் கிடந்தாற் செப்புத் தாள் கரையத் தொடங்கும். கரைந்த செம்பு அவ்வண்ணமே கிடப்பதில்லை. மீண்டும் மின்னேற்றும்பொழுது வேண்டாத இடங்களிலே படியும். அப்படிவு திரையை ஊடுருவி இரு தகடுகளையும் தொடுமாயின் உள்ளே குறுஞ்சுற்று உண்டாகும். அதனாற் பிறக்கும் வெப்பம் தீப்பற்றும் திரவத்தை மூட்டும்.

இங்கே மாணாக்கர் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. தீமை விளைவது ஓட்டும்பொழுது. அது வெளிப்படுவது மின்னேற்றும்பொழுது. மாலையிலே மைதானத்தில் அளவு கடந்து ஓட்டிய மின்கலம் அப்பொழுது ஒன்றும் செய்யாது. இரவிலே கட்டிலின் அருகே மின்னேற்றும்பொழுதே அது தன் கேட்டைக் காட்டும். காரணமும் காரியமும் காலத்தாற் பிரிந்து நிற்பதாலேயே பலர் இதனை உணர்வதில்லை.

அளவு கடந்து ஓட்டுவதாற் கிடைக்கும் ஆதாயந்தான் எவ்வளவு? ஆறிய நிலையிலே 3.5 உவோற்றுக்கு வந்துவிட்ட கலத்திலே எஞ்சியிருப்பது ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கே. 5000 மில்லியம்பியர்-மணி கொண்ட அடுக்கிலே அது 250. வண்டி 20 அம்பியர் இழுக்குமாயின் அது 45 விநாடிக்கே போதும். முக்கால் நிமிட விளையாட்டுக்காகப் பல ஆயிரம் ரூபா பெறுமதியான மின்கலத்தையும், அதனினும் பெரிதாய வீட்டின் பாதுகாப்பையும் பணயம் வைத்தல் அறிவுடைமையன்று.

ஓடும்பொழுது காணும் மட்டமும் ஆறியபின் காணும் மட்டமும்

இறைக்கும்பொழுது கிணற்றின் மட்டம் தாழ்ந்து தோன்றுவது போல, ஓடும்பொழுது மின்னழுத்தமும் தாழ்ந்து தோன்றும். இதற்குக் காரணம் மின்கலத்தின் அகத்தடை. மின்னோட்டத்தை அகத்தடையாற் பெருக்கி வருவதே இத்தாழ்வின் அளவு.

ஓர் உதாரணம் கொள்வோம். புதிய கலமொன்றின் அகத்தடை 0.005 ஓம். வண்டி விரைந்து பாயும்பொழுது 60 அம்பியர் இழுக்கின்றது. தாழ்வு 0.3 உவோற்று. ஆறிய நிலையில் 3.7 காட்டும் கலம் அப்பொழுது 3.4 காட்டும், குற்றமில்லை. அதே கலம் பழமையடைந்து அகத்தடை 0.012 ஓம் ஆயிற்று எனக் கொள்வோம். தாழ்வு 0.72. ஆறிய நிலையில் அதே 3.7 உடைய கலம் இப்பொழுது 2.98 காட்டும், வண்டி நின்றுவிடும். 'எல்லையைக் குறைத்து வைத்தால் இன்னும் சிறிது ஓடுமே' என்று சிறுவர் எண்ணுவர். அது காய்ச்சல்மானியை உடைத்துக் காய்ச்சலைப் போக்க முயல்வது போலாம். நோய் கலத்தின் முதுமை. வேண்டுவது மெல்ல ஓட்டுதல் அல்லது புதிய கலம்.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. அதனை அறிந்தோர் சிலரே. பாறைமீது ஊர்ந்து ஏறும் மெதுவான வண்டி 3 அம்பியரே இழுக்கின்றது எனக் கொள்வோம். தாழ்வு 0.015 மாத்திரமே. அவ்வண்டியிலே 3.2இல் எல்லை வைத்தால், நிற்கும்பொழுது கலத்தின் உண்மை மட்டமும் ஏறத்தாழ 3.2 ஆகவே இருக்கும். அஃதாவது கிணறு வற்றிவிட்டது. விரைந்து ஓடும் வண்டியோ அதே எண்ணில் நின்றபின் ஊறி 3.5 வரை மீளும். ஆகவே மெதுவான வண்டிக்கு எல்லையை 3.4 அல்லது 3.5 ஆக உயர்த்தி வைத்தல் வேண்டும். வண்டி சிறிது, இழுப்பும் சிறிது, ஆகவே ஆபத்தும் சிறிது எனக் கருதுவது தவறு.

கூட்டுத் தொகை மறைக்கும் குறை

வண்டியிலுள்ள வேகக் கட்டுப்படுத்தி எல்லை வந்ததும் மோட்டரை நிறுத்தும் ஆற்றல் உடையது. ஆயினும் அதனை முற்றும் நம்புதல் கூடாது. காரணங்கள் நான்கு.

முதலாவது, அது பெரும்பாலும் அடுக்கின் மொத்த அழுத்தத்தையே அளக்கின்றது. மூன்று கலங்களின் மொத்தம் 9.9 என்றால் சராசரி 3.3, குறையில்லை எனத் தோன்றும். ஆனால் இரு கலங்கள் 3.5 ஆகவும் மூன்றாவது 2.9 ஆகவும் இருந்தாலும் மொத்தம் 9.9 தான். வகுப்பின் சராசரிப் புள்ளி நன்றாயிருக்க, ஒரு மாணாக்கன் மாத்திரம் தவறுவதைப் போன்றது இது. சராசரி அவனைக் காட்டிக்கொடுப்பதில்லை. ஒவ்வொரு கலத்தையும் தனித்து அளக்கும் சிறு கருவியை அடுக்கின் சமநிலை இணைப்பிலே பொருத்தினாலே உண்மை தெரியும். விலை குறைந்த அக்கருவி, எல்லை வந்ததும் ஒலியெழுப்பவும் வல்லது.

இரண்டாவது, கட்டுப்படுத்தி தானே கலங்களின் எண்ணிக்கையைக் கணிக்கும் வகையாயின் ஏமாறக்கூடும். மிகவும் வற்றிய மூன்று கல அடுக்கு, நிரம்பிய இரு கல அடுக்கைப் போலத் தோன்றலாம். அப்பொழுது அது 6.4இலேயே நிறுத்தும். மூன்று கலங்களுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 2.13 மாத்திரமே.

மூன்றாவது, பல கட்டுப்படுத்திகளிலே நிக்கல் மின்கலத்துக்குரிய நிலையும் இலிதியத்துக்குரிய நிலையும் உள. நிக்கற் கலத்தின் பெயரளவு 1.2 உவோற்று; அதன் எல்லைகள் வேறு. அந்நிலையிலே வைத்து இலிதிய அடுக்கைப் பூட்டினாற் காவல் இல்லாத வீடு போலாகும்.

நான்காவது, மோட்டர் நின்றபின்னும் வாங்கியும் பிற உறுப்புகளும் சிறிது சிறிதாக மின்னை இழுக்கும். ஆளியை நிறுத்திய பின்னும் சிறு கசிவு இருக்கக்கூடும். எஞ்சியுள்ளது 1000 மில்லியம்பியர்-மணி எனவும், இழுப்பு 50 மில்லியம்பியர் எனவும் கொண்டால் 20 மணித்தியாலத்திலே யாவும் தீரும். இரவு வண்டியிலே பூட்டியபடி விட்ட அடுக்கு மறுநாள் மாலை உயிரற்றுக் கிடப்பதன் காரணம் இதுவே. ஓட்டம் முடிந்ததும் இணைப்பைக் கழற்றுதல் முதற் கடமை.

ஐந்தில் நான்கு பங்கு

கருவிகளை நம்பியிருப்பதிலும் கணக்கை நம்பியிருத்தல் மேல். கொள்ளளவில் நூற்றுக்கு எண்பது பங்கையே பயன்படுத்துக என்பது அனுபவமுடையோர் கைக்கொள்ளும் விதி. 5000 மில்லியம்பியர்-மணியில் எண்பது பங்கு 4000. சராசரி 20 அம்பியர் இழுக்கும் வண்டி இதனைக் கொண்டு 12 நிமிடம் ஓடும். மணிக்கூட்டிலே அந்நேரத்தைக் குறித்து ஓட்டுக.

கணக்குச் சரியோ என்பதை அறியவும் வழியுண்டு. மீண்டும் மின்னேற்றும்பொழுது எவ்வளவு உட்சென்றது என்பதை நல்ல மின்னேற்றி காட்டும். 4000 சென்றதாயின் கணக்குச் சரி. 4700 சென்றதாயின் நீர் அளவு கடந்து ஓட்டிவிட்டீர். அடுத்த முறை நேரத்தைக் குறைக்க. இரும்புப் பொசுபேற்றுக் கலத்துக்கு இம்முறை மிகவும் இன்றியமையாதது. அதன் அழுத்தம் நெடுநேரம் 3.2, 3.3 என்னும் அளவிலேயே சமமாய் நின்று இறுதியிலே சட்டென வீழ்வதால், அழுத்தத்தை நோக்கி எஞ்சியதை மதிப்பிடல் அரிது.

எல்லை கடந்துவிட்ட மின்கலத்தை என் செய்வது?

3.0க்குச் சிறிது கீழே சென்று உடனே கண்டறியப்பட்ட கலம் உப்பாதிருப்பின், கொள்ளளவிற் பத்திலொரு பங்கான சிறு மின்னோட்டத்தால், பெரியோர் அருகிருந்து கவனிக்க, 3.0க்கு மேல் ஏற்றிப் பார்க்கலாம். சூடேறினாலோ உப்பினாலோ உடனே விட்டுவிடல் வேண்டும். 2.5க்குக் கீழே நாட்கணக்கிற் கிடந்ததை மீட்க முயலற்க.

இவ்விடத்திலே ஒரு தீய வழக்கத்தைக் கண்டிக்க வேண்டியுள்ளது. இலிதிய நிலையிலே வைத்த மின்னேற்றி வற்றிய அடுக்கை ஏற்க மறுக்கும். அப்பொழுது சிலர் மின்னேற்றியை நிக்கல் நிலைக்கு மாற்றி ஏமாற்றி ஏற்றுவர். அந்நிலையிலே மின்னேற்றி 4.20 என்னும் மேலெல்லையை அறியாது. கவனம் சிறிது தப்பினால் அளவு கடந்து ஏற்றித் தீ மூட்டிவிடும். கருவி மறுப்பது பகையினாலன்று, காவலினால் என்பதை மாணாக்கர் உணர்க.

பழுதுபட்டதைக் குத்துதலும், நசுக்குதலும், வீட்டுக் குப்பையிலே எறிதலும், எரித்தலும் தகா. முனைகளை ஒட்டுநாடாவாற் சுற்றி, மின்னணுக் கழிவு சேர்ப்போரிடம் ஒப்படைக்க.

மாணாக்கர் கைக்கொள்ள வேண்டியன

1. உறையிலே எழுதியுள்ள வகையையும் கல எண்ணிக்கையையும் வாசித்து, வண்டியிலும் மின்னேற்றியிலும் அவற்றுக்குரிய நிலையை வைக்க.
2. ஓட்டுமுன்னும் ஓட்டியபின்னும் ஒவ்வொரு கலத்தையும் தனித்து அளந்து ஒரு கொப்பியிற் குறிக்க.
3. வண்டி வேகம் தளர்ந்தால் அதுவே எச்சரிக்கை. 'இன்னும் ஒரு சுற்று' என எண்ணற்க.
4. முடிந்ததும் இணைப்பைக் கழற்றி, ஆறவிட்டபின்னரே மின்னேற்றுக.
5. சில நாட்களுக்குப் பயன்படுத்தாவிடின் 3.8 அளவிலே வைக்க. நிரம்பிய நிலையும் வற்றிய நிலையும் இரண்டும் கேடே.
6. சீமெந்துத் தரையிலே, கட்டில், புத்தகம், கிடுகு முதலிய எரியும் பொருள்களுக்குத் தொலைவிலே, விழித்திருக்கும்பொழுது மாத்திரம் மின்னேற்றுக. புகை எழுந்தால் அதனைச் சுவாசியாது வெளியேறிப் பெரியோரை அழைக்க.
7. வெயிலில் நிறுத்திய மோட்டர் வண்டியினுள்ளே மின்கலத்தை விட்டுவைக்கற்க.

பயிற்சி

(அ) மூன்று கல அடுக்கொன்று ஆறியபின் மொத்தம் 10.5 உவோற்றுக் காட்டுகின்றது. கலங்கள் முறையே 3.7, 3.7, 3.1. மீண்டும் ஓட்டலாமோ? காரணம் கூறுக.
(ஆ) 2200 மில்லியம்பியர்-மணி அடுக்கிலிருந்து சராசரி 11 அம்பியர் இழுக்கப்படுகின்றது. எண்பது பங்கு விதிப்படி எத்தனை நிமிடம் ஓட்டலாம்?
(இ) அகத்தடை 0.006 ஓம் உடைய ஒரே வகைக் கலங்கள் இரு வண்டிகளிலே உள. ஒன்று 40 அம்பியரும் மற்றது 2 அம்பியரும் இழுக்கும்பொழுது, இரண்டும் 3.3 உவோற்றில் நின்றன. எதன் கிணறு கூடுதலாக வற்றியது?

விடைகளைப் பின்னே அச்சிடுவது வழக்கமாயினும், இரண்டாவதன் விடையை மாத்திரம் கூறுகின்றோம்: 9.6 நிமிடம். ஏனைய இரண்டுக்கும் விடை மேலே சொன்னவற்றினுள்ளேயே உளது. மாணாக்கர் தாமே தேடிக் காண்பாராக.

பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மருமக்களுக்கும் பெறாமக்களுக்கும் இத்தகைய வண்டியொன்றை அனுப்பும்பொழுது, கலங்களைத் தனித்து அளக்கும் அச்சிறு கருவியையும் உடன் அனுப்புங்கள். வண்டி அவர்களுக்கு வேகத்தின் இன்பத்தைத் தரும். கருவி நிற்க வேண்டிய இடத்தைக் காட்டும். இரண்டையும் ஒருங்கே பெற்ற பிள்ளையே அப்பரிசின் முழுப்பயனை அடைவான்.